"நான் வார்த்த கல்லெல்லாம் வெடிக்கும்": மருந்துக்கு இணங்காத மனச்சோர்வு, ஒரு நிகழ்வு ஆய்வு

54 வயது ஆண். ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறையில் 30 ஆண்டுகளுக்கு மேலாகக் கல் வார்ப்பவர். மனைவி, பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்த மகள், திருப்பூரில் வேலை பார்க்கும் மகன். நோய் தொடங்கிப் பதினான்கு மாதம் ஆன பிறகு, ஒரு மாசி மாதத்தில், காரைக்குடியில் உள்ள என் சிகிச்சை நிலையத்துக்கு வந்தார். கையில் இருந்த கடிதத்தில் ஒரே வரி: "மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு, நான்கு மருந்துகள் கொடுத்தாகிவிட்டது."

அந்த வரி எழுதப்பட்ட நாளில் உண்மை இல்லை. ஆறு மாதம் கழித்து உண்மை ஆயிற்று. முதல் நிலையில் செய்ய வேண்டிய சிகிச்சை வேறு, இரண்டாவது நிலையில் செய்ய வேண்டியது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால் நம் பக்கத்தில் எத்தனையோ பேர் ஆண்டுக்கணக்கில் திண்ணையில் சுருண்டு கிடக்கிறார்கள். அதனால்தான் இந்த ஒருவரைப் பற்றி விரிவாக எழுதுகிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவரும் அவர் மனைவியும் சம்மதித்த பிறகே இது வெளிவருகிறது. நான் செய்த பிழையும் இதில் இருக்கிறது. அதை மறைத்துவிட்டால் இதை எழுதிப் பயனில்லை.

கை தயங்கியபோது

ஆத்தங்குடிக் கல் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால்தான் இவருடைய நோய் புரியும். சதுரக் கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம் வைத்து, அதற்குள் பூ வடிவ அச்சை இறக்கி, சிமென்டில் ஆக்சைடு நிறங்களைக் கரைத்த குழம்பைச் சிறு கரண்டியால் கட்டம் கட்டமாக ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கிவிட்டு, உலர்ந்த சிமென்டும் மணலும் கலந்த தூளைத் தூவி, மேலே ஈரக் கலவையை நிரப்பி மட்டம் தட்டுவார்கள். பிறகு கல் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும். நாட்கணக்கில் ஊறி, வெளியே வந்து காய்ந்ததும் கண்ணாடி கழன்றுகொள்ளும். கண்ணாடியைத் தொட்டிருந்த பக்கம்தான் கல்லின் முகம். சூளை கிடையாது. எல்லாம் கைவேலை. அச்சைத் தூக்கும் கணத்தில் கை தயங்கினால் நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று ஓடிவிடும். கானாடுகாத்தான், தேவகோட்டை வீடுகளின் தரையைப் பார்த்து வியக்கிறவர்கள் அதை வார்த்தவர் யார் என்று கேட்பதில்லை.

இவருக்குக் கை தயங்கியது. நல்ல நாளில் தான் மட்டும் எண்பது கல் வார்த்தவர், இருபதுக்கு இறங்கினார். அதிலும் பாதி பழுது. முதலாளி கடிந்துகொள்ளவில்லை, "கண் பார்வை போய்விட்டதா?" என்றுதான் கேட்டார். கண் பரிசோதனை செய்து கண்ணாடி மாற்றிக்கொண்டார். அதற்குப் பிறகும் நிறம் ஓடியது.

விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு. விழித்த நேரத்திலிருந்து நெஞ்சில் பாரம். பத்து மணி வரை படுக்கையை விட்டு எழ முடியாது. மாலையில் சற்றே இளகும். ஓராண்டில் ஒன்பது கிலோ எடை குறைந்தது. பேரப்பிள்ளையைத் தூக்கினாலும் எதுவும் தோன்றவில்லை என்று மகள் காதில் விழாதபடி சொன்னார். அழுகை வரவில்லை. அழுகை வந்தால்கூட நன்றாயிருக்கும் என்றார். கேள்விக்குப் பதில் வர நேரம் பிடித்தது. குரல் தாழ்ந்திருந்தது. நடை மெதுவாக இருந்தது. துக்கத்தில் ஒருவர் வாடுவதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. உடலின் கடிகாரமே பிசகிவிட்ட ஆழ்ந்த மனச்சோர்வு இது.

வாழ்வதில் விருப்பம் உண்டா என்று நேரடியாகக் கேட்டேன். விடியாமல் இருந்தால் நல்லது என்று பல நாள் நினைத்ததாகச் சொன்னார், திட்டம் ஏதும் இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலரும் அஞ்சுகிறார்கள். அனுபவத்தில் நான் கண்டது நேர்மாறானது. கேட்டதும் அவர் தோள் தளர்ந்தது. அதன் பிறகுதான் மனைவி, கணவரின் தாய்மாமன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர் என்பதையும், 31 வயதில் இவரும் நான்கு மாதம் இப்படியே கிடந்து தானாகத் தேறியதையும் சொன்னார். முந்தைய எந்த மருத்துவக் குறிப்பிலும் இவை இல்லை. பொங்கி எழுந்த நாட்கள், தூக்கமில்லாமலே சுறுசுறுப்பாகத் திரிந்த நாட்கள், கைமீறிய செலவு ஏதும் உண்டா என்று துருவிக் கேட்டேன். இருமுனை நோயின் சோர்வுப் பக்கத்தை வெறும் மனச்சோர்வென்று எண்ணி மருந்து கொடுத்தால் அது பலிக்காமல் போவதும் உண்டு, நோயைத் திருப்பிவிடுவதும் உண்டு. இவருக்கு அப்படி ஏதும் இல்லை. முதல் பக்கத்தில் வழக்கம்போல் உணவு, பழக்கம் எல்லாம் குறித்தேன்: "மது இல்லை. புகையிலை இல்லை. பழனிக்கு மாலை போட்டதிலிருந்து பத்து ஆண்டுகளாகச் சைவம்." அந்தக் கடைசி வரியை நினைவில் வையுங்கள்.

ஹாமில்டன் அளவுகோலில் 26 மதிப்பெண். 1960 இல் உருவான, 17 கேள்விகள் கொண்ட பழைய அளவுகோல் அது. ஏழு அல்லது அதற்குக் கீழே வந்தால் நோய் தணிந்தது என்று கொள்வோம். அதைவிட எனக்கு உதவியது வேறொரு அளவுகோல். ஒவ்வொரு முறை வரும்போதும், அந்த வாரம் எத்தனை கல், எத்தனை பழுது என்று கேட்டு எழுதிக்கொண்டேன்.

நான்கு மருந்துகளா?

பழைய சீட்டுகளையெல்லாம் மனைவி ஒரு கொட்டானில் (ஓலைக் கூடையில்) போட்டு வைத்திருந்தார். அதைத் தரையில் கொட்டி, தேதிவாரியாக அடுக்கினோம். மருந்துக் கடை ரசீதுகளையும் சேர்த்து எண்ணினோம். ஒரு மணி நேர வேலை. மொத்த சிகிச்சையிலும் மிக மலிவானதும் மிகப் பயன்பட்டதும் அந்த ஒரு மணி நேரம்தான்.

முதல் மருந்து அல்பிரசோலம். அது பதற்றத்தைத் தற்காலிகமாகத் தணிக்கும், மனச்சோர்வு மருந்தே இல்லை. இரண்டாவது எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராம். 18 நாள் சாப்பிட்டிருக்கிறார். குமட்டல் வந்தது, பக்கத்து வீட்டுக்காரர் "இதை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாது" என்றார், நிறுத்திவிட்டார். மூன்றாவது செர்ட்ராலின் 50 மில்லிகிராம், ஐந்து வாரம், அளவைக் கூட்டவே இல்லை. நான்காவது அமிட்ரிப்டிலின், இரவில் 25 மில்லிகிராம். மனச்சோர்வைத் தொட அந்த அளவு போதாது, தூக்கத்துக்கு மட்டும் உதவும்.

மருந்துக்கு இணங்காத மனச்சோர்வு என்று சொல்ல, குறைந்தது இரண்டு மருந்துகளை, உரிய அளவில், உரிய காலம், அதாவது ஆறு முதல் எட்டு வாரம், ஒழுங்காகச் சாப்பிட்டும் பலன் கிட்டாமல் இருக்க வேண்டும். இந்தக் கணக்கில் இவருக்குக் கொடுத்த மருந்துகளின் எண்ணிக்கை சுழி. நோய் மருந்துக்கு இணங்கவில்லை என்பது பிழை. மருந்து நோயைச் சென்று சேரவே இல்லை. அதற்கு அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மருந்து வேலை செய்ய மூன்று நான்கு வாரம் ஆகும், குமட்டல் ஒரு வாரத்தில் போகும் என்று ஒருவர் உட்கார்ந்து சொல்லியிருந்தால் அவர் நிறுத்தியிருக்க மாட்டார்.

இரத்தப் பரிசோதனைகளில் தைராய்டு சரி. சர்க்கரை சரி. வைட்டமின் பி12 மிகக் குறைவு. பத்தாண்டு சைவ உணவில், பால் தயிரையும் சரியாகச் சேர்க்காதவருக்கு இது வியப்பில்லை. ஊசி போட்டு நிரப்பினோம். கால் மதமதப்பு குறைந்தது. மனச்சோர்வு அப்படியே இருந்தது. பி12 குறைவுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று உறவினர் ஒருவர் உறுதியாக நம்பினார். அப்படி இருந்திருந்தால் எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்திருக்கும்.

எஸ்சிட்டலோபிராமையே மறுபடி தொடங்கினேன். இம்முறை இதயத் துடிப்பு வரைபடம் பார்த்துவிட்டு 20 மில்லிகிராம் வரை கூட்டி, முழு எட்டு வாரம். மாத்திரை அட்டையில் மனைவி தேதி எழுதி அதே கொட்டானில் வைத்துக் கொடுத்தார். ஒரு நாளும் தவறவில்லை. மதிப்பெண் 26 இலிருந்து 21. போதாது. அடுத்து வென்லாஃபாக்சின். மெல்ல மெல்ல 225 மில்லிகிராம் வரை, வாராவாரம் இரத்த அழுத்தம் பார்த்தபடி. முழு அளவில் எட்டு வாரம். மதிப்பெண் 17. வாரத்துக்கு நூறு கல்லுக்கு மேல் வார்க்க முடிந்தது. முகத்தில் ஒளி இல்லை. ஆடி மாதம் ஆகியிருந்தது.

இப்போது அந்த ஒரு வரி உண்மை ஆயிற்று.

அடுத்த படி

மூன்றாவதாக ஒரு மருந்துக்கு மாறலாமா, இருப்பதோடு ஒன்றைச் சேர்க்கலாமா? அமெரிக்காவில் 4041 நோயாளிகளை வைத்து நடந்து, 2006 இல் முடிவுகள் வெளியான ஸ்டார்-டி ஆய்வு இந்த இடத்தில் கசப்பான உண்மை ஒன்றைச் சொல்கிறது. முதல் மருந்தில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நோய் தணிந்தது. இரண்டாம் படியிலும் கிட்டத்தட்ட அதே விகிதம். மூன்றாம், நான்காம் படிகளில் நூற்றுக்குப் பதின்மூன்று, பதினான்கு பேருக்குத்தான். 2023 இல் அதே தரவை மீண்டும் ஆராய்ந்தவர்கள் இந்தக் கணக்கும் மிகையானது என்றார்கள். ஆகவே ஒவ்வொரு மருந்தாக மாற்றிக்கொண்டே போவது, தண்ணீர் வராத இடத்தில் கிணற்றை ஆழப்படுத்துவது போலத்தான்.

வென்லாஃபாக்சின் பாதி வழி கொண்டு வந்திருந்தது. அதை விட்டுவிட மனமில்லை. லித்தியத்தைச் சேர்த்தேன். ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் 1949 இல் மன எழுச்சி நோய்க்குப் பயன்படுத்திக் காட்டிய உப்பு அது. மனச்சோர்வு மருந்தோடு சேர்த்தால் அம்மருந்தின் வேலை கூடும் என்று 1981 இல் கனடாவில் டி மான்டினி குழுவினர் எழுதினார்கள். பழைய மருந்து, விலை மலிவு. அதனாலேயோ என்னவோ, பலரும் இதை மறந்துவிட்டுப் புதிய பெயர்களைத் தேடுகிறோம். அரிப்பிபிரசோல், குவெட்டியாபின் போன்றவையும் சேர்க்கத் தக்கவையே. குடும்பத்தில் தற்கொலை வரலாறு இருந்ததாலும், நோயின் சாயல் ஆழ்ந்ததாக இருந்ததாலும் லித்தியத்தைத் தேர்ந்தேன்.

சிறுநீரகம், தைராய்டு, இதயம் பார்த்துத் தொடங்கி, 900 மில்லிகிராமில் நிறுத்தினோம். கடைசி மாத்திரை சாப்பிட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுத்த இரத்தத்தில் லித்தியம் லிட்டருக்கு 0.7 மில்லிமோல். சரியான அளவு.

மூன்றாம் வாரம் மனைவி தனியாக வந்தார். "டாக்டரம்மா, நேற்று அவர் என்னைக் கடிந்துகொண்டார். குழம்பில் உப்பு இல்லையாம்" என்றார். சொல்லிவிட்டு அழுதார். பதினெட்டு மாதங்களாக எதைப் போட்டாலும் சாப்பிட்டவர், சாப்பாட்டில் ருசி தேடினார். ஐப்பசியில் மதிப்பெண் 7. நாளுக்கு அறுபது கல், பழுது இரண்டோ மூன்றோ.

நத்தம் தாண்டி

இங்கேதான் என் பிழை.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பது செட்டிநாட்டின் பழைய வழக்கம். நகரத்தார் காவடி குன்றக்குடி வழியாகப் புறப்படும்போது எல்லாச் சமூகத்தாரும் கூடவே நடப்பார்கள். இவர் பத்தாண்டுகளாக நடந்தவர். நோயால் இரண்டு தை விட்டுப்போயிற்று. இப்போது குணமாகிவிட்டது, நடக்காமல் இருப்பாரா? மார்கழியில் வந்தபோது "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்றார். நானும் மகிழ்ந்து, இரத்தப் பரிசோதனையை மாசிக்குத் தள்ளி வைத்தேன். "பழனிக்கு மாலை போட்டதிலிருந்து" என்று என் கையால் எழுதிய வரி என் மேசையில் இருந்த கோப்பின் முதல் பக்கத்திலேயே இருந்தது.

சிறுநீரகம் லித்தியத்தை உப்பைப் போலவே நடத்தும். உடலில் உப்பும் நீரும் குறைந்தால், உப்பை வெளியே விடாமல் இழுத்துப் பிடிக்கும். அப்போது லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றும் வேகத்தைக் குறைத்துவிடும். இவர் பகல் முழுக்க வியர்வையில் நடந்தார். ஒரு வேளை உணவு, விரதம். பாதம் வெடித்து முழங்கால் வீங்கியபோது கூட வந்தவர் கொடுத்த வலி மாத்திரையை மூன்று நாள் தொடர்ந்து சாப்பிட்டார். நான் சொன்னபடி லித்தியத்தையும் தவறாமல் சாப்பிட்டார். தன்னால் செய்ய முடிந்த எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார், அதுதான் கொடுமை.

நத்தம் தாண்டியதும் வயிற்றுப்போக்கு. கை பெரிதாக நடுங்கியது, நடை தள்ளாடியது, பேச்சு குழறியது. குடித்திருக்கிறார் என்று யாரோ சொன்னார்களாம். பத்தாண்டாக மாலை போட்ட மனிதரைப் பார்த்து. உடன் நடந்த தம்பி முறைக்காரர் ஒருவர்தான் சட்டைப் பையில் இருந்த மாத்திரை அட்டையோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த பணி மருத்துவர் அட்டையைப் பார்த்த உடனே லித்தியத்தை அளந்தார்: 1.9. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.7. சிரை வழியாக உப்பு நீர் ஏற்றி, லித்தியத்தை நிறுத்தி, ஐந்து நாளில் அனுப்பினார்கள். அந்த இளம் மருத்துவருக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். நடுக்கம் முற்றிலும் நிற்க இரண்டு வாரம் ஆயிற்று. சிறுநீரகம் பழைய நிலைக்குத் திரும்பியது.

அன்றிலிருந்து லித்தியம் சாப்பிடுகிற எவரிடமும் ஒவ்வொரு முறையும் கேட்கிறேன்: நடைப்பயணம் உண்டா, விரதம் உண்டா, பால்குடம் உண்டா, பூக்குழி உண்டா, மூட்டுவலிக்கு என்ன சாப்பிடுகிறீர்கள்? இந்தப் பக்கத்தில் ஓராண்டில் உடல் உப்பையும் நீரையும் இழக்கும் நாட்களை ஊர்த் திருவிழா நாட்காட்டியை வைத்தே குறித்துவிடலாம். வெயிலோடு வேலை செய்கிறவர்களுக்குச் சித்திரையும் வைகாசியும் அதே அளவு ஆபத்து. பத்தியம் என்று உப்பை அறவே ஒதுக்குகிறவர்களும் உண்டு. வெளிநாட்டுப் பாடப்புத்தகம் "நீரிழப்பைத் தவிர்க்கவும்" என்று எழுதி நகர்ந்துவிடும். அதைத் தைப்பூசம் என்றும், மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் பால்குடம் என்றும் மொழிபெயர்க்க வேண்டியது இங்கே உட்கார்ந்திருக்கும் நம் வேலை.

கரண்ட்

லித்தியம் நின்ற ஆறே வாரத்தில் நோய் திரும்பியது, முன்னைவிட மூர்க்கமாக. பங்குனியில் பட்டறைக்குப் போய் அவரைப் பார்த்தேன். தொட்டி ஓரம் குந்தியிருந்தார். "நான் வார்த்த கல்லெல்லாம் வெடிக்கும். கலவையில் நான் மோசம் செய்திருக்கிறேன். அந்த வீட்டுக் குழந்தைகள் கால் கிழியப் போகிறது. போலீஸ் வரும்" என்றார். முப்பது ஆண்டுகளாக அவர் வார்த்த கல், நடக்க நடக்கப் பளபளப்பு கூடுவது என்று ஊரே சொல்லும் கல். எவ்வளவு சொல்லியும் அந்த நம்பிக்கை அசையவில்லை. அடுத்த வாரம் பேச்சே நின்றது. கஞ்சியை வாயில் வாங்கி வைத்துக்கொண்டு விழுங்காமல் இருந்தார்.

இந்நிலையில் மாத்திரைக்காக ஆறு வாரம் காத்திருப்பது தவறு. மின்னதிர்வு சிகிச்சைதான் வழி என்றேன். ஊரில் சொல்வது போலச் சொன்னால், கரண்ட் வைப்பது.

மனைவி எழுந்து வெளியே போய்விட்டார். அவர் மனதில் இருந்தது சினிமாவில் பார்த்த காட்சி: கட்டிப் போடப்பட்ட மனிதன், அலறல். "மூளை கருகிவிடும்" என்று உறவினர் சொல்லியிருந்தார். நானே எவ்வளவு விளக்கினாலும் அது டாக்டரின் பேச்சாகத்தான் இருக்கும். ஆறு ஆண்டுகளுக்கு முன் இதே சிகிச்சை பெற்ற, தேவகோட்டைப் பக்கத்து ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் பேசச் சம்மதித்தார். இருவரும் இரண்டு மணி நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் காலை மனைவி வந்து, "எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?" என்றார்.

1938 இல் ரோம் நகரில் செர்லெட்டியும் பினியும் தொடங்கியபோது மயக்க மருந்து இல்லாமல்தான் செய்தார்கள். அச்சம் அங்கிருந்து வந்தது, நியாயமான அச்சம்தான். இன்று நம் நாட்டில் 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மயக்க மருந்தும் தசைத் தளர்ச்சி மருந்தும் இல்லாமல் இதைச் செய்வதைத் தடை செய்கிறது. என்னிடம் அந்த வசதி இல்லை. மதுரையில் ஒரு மருத்துவமனைக்கு அனுப்பினேன். தானே முடிவெடுக்கும் நிலையில் அவர் இல்லாததால், சட்டப்படி மனைவி அவருடைய பிரதிநிதியாக இருந்தார்.

திருப்பூரிலிருந்து வந்த மகன் கைப்பேசியில் படித்துவிட்டு, மயக்க மருந்தாகப் பயன்படும் கெட்டமினைக் கொடுக்கலாமே என்று கேட்டான். நல்ல கேள்வி. 2023 இல் வெளியான ஒரு பெரிய ஒப்பீட்டு ஆய்வில், மருந்துக்கு இணங்காத மனச்சோர்வில் கெட்டமின், மின்னதிர்வுக்குக் குறைந்ததில்லை என்று தெரிந்தது. கெட்டமின் பெற்றவர்களில் 55 விழுக்காடு, மின்னதிர்வு பெற்றவர்களில் 41 விழுக்காடு முன்னேறினார்கள். அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் மனமருட்சி இல்லாதவர்கள். அவன் அப்பாவோ, கல் வெடிக்கும் என்று நம்பிக்கொண்டு பட்டினி கிடந்தார். மனமருட்சியோடு கூடிய மனச்சோர்வில் மின்னதிர்வைப் போல் விரைவாக வேலை செய்யும் வேறொன்றை நான் அறியேன். இதை அவனிடம் மறைக்காமல் சொன்னேன். புரிந்துகொண்டான்.

ஒன்பது முறை, மூன்று வாரத்தில். ஒவ்வொரு முறையும் மயக்கம் கொடுத்து எழுப்பும் வரை மனைவி கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். மூன்றாவது முறைக்குப் பிறகு தண்ணீர் கேட்டார். ஐந்தாவது முறைக்குப் பிறகு, தான் எங்கே இருக்கிறோம், கூலி யார் கொடுக்கிறார்கள் என்றார். ஏழாவது முறைக்குப் பிறகு மனைவி தயங்கித் தயங்கிக் கேட்டார்: "கல் வெடிக்குமா?" அவர் நெற்றி சுருங்கியது. "கல் எதற்கு வெடிக்கும்?"

இழப்பும் உண்டு, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. பழனிப் பாதையில் நடந்தது ஒன்றுகூட அவர் நினைவில் இல்லை. பேத்தியின் காதுகுத்து நினைவில் இல்லை. புதிய விஷயங்கள் மனதில் தங்க இரண்டு மாதம் சிரமப்பட்டு, பிறகு அது சரியாயிற்று. அந்தத் தை, மாசி, பங்குனி மட்டும் திரும்பி வரவில்லை. காதுகுத்துப் படத்தைப் பார்த்துவிட்டு, "நான் சிரித்துக்கொண்டிருக்கிறேனா?" என்று கேட்டார். இல்லை, படத்தில் அவர் சிரிக்கவில்லை. மனைவி பேசாமல் படத்தைத் திருப்பி வைத்தார்.

மறுபடி லித்தியமா?

ஆம். மின்னதிர்வு முடிந்ததும் ஒன்றும் கொடுக்காமல் விட்டால் நோய் திரும்பும் வாய்ப்பு மிக அதிகம். சக்கைம் குழுவினர் 2001 இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதத்துக்குள் வெற்று மாத்திரை பெற்றவர்களில் 84 விழுக்காட்டினருக்கும், நார்ட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மருந்து மட்டும் பெற்றவர்களில் 60 விழுக்காட்டினருக்கும், அதோடு லித்தியமும் பெற்றவர்களில் 39 விழுக்காட்டினருக்கும் நோய் திரும்பியது. 39 என்பதும் சிறிய எண் இல்லை. ஆனாலும் 84 உடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு முறை நஞ்சான மருந்தை மறுபடி கொடுப்பதா என்று சக மருத்துவர் ஒருவர் கேட்டார். நஞ்சானதற்குக் காரணம் தெரியும், காரணத்தைத் தடுக்க முடியும், அந்த மருந்து அவருக்கு வேலை செய்தது என்பதும் தெரியும். இந்த மூன்றும் இருக்கும்போது அதை ஒதுக்குவது என் அச்சத்துக்கு அவரைப் பலியாக்குவது. இரவில் 600 மில்லிகிராம், இரத்தத்தில் இலக்கு 0.5 முதல் 0.6 வரை, கூடவே வென்லாஃபாக்சின் 150. மருந்துக் கடைக்காரருக்கு என் கையெழுத்தில் ஒரு சீட்டு: வலி என்று வந்தால் பாராசிட்டமால் மட்டும். இரவில் பதற்றம் வந்தால் அழைக்க அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, வீட்டுச் சுவரில் நாட்காட்டிக்குப் பக்கத்தில்.

மணல் சலிப்பதிலிருந்து

மாத்திரையோடு பேச்சு சிகிச்சையும் சேரும்போது பலன் கூடுகிறது. பிரிட்டனில் 469 பேரிடம் நடந்து 2013 இல் வெளியான ஆய்வில், மருந்து பலிக்காதவர்களுக்கு அறிவுசார் நடத்தைச் சிகிச்சையையும் சேர்த்தபோது ஆறு மாதத்தில் 46 விழுக்காட்டினர் முன்னேறினார்கள். வழக்கமான கவனிப்பில் 22 விழுக்காடு. எங்கள் பக்கத்தில் அச்சிகிச்சையை முறையாகச் செய்பவர்கள் மிகக் குறைவு. வாரத்துக்கு இரண்டு நாள் வரும் உளவியலாளரும் நானும் அதன் ஒரு கிளையை, செயலைப் படிப்படியாகத் தூண்டும் முறையை, எடுத்துக்கொண்டோம். மனம் சரியானதும் வேலைக்குப் போகலாம் என்று காத்திருக்காமல், சிறு வேலையிலிருந்து மனதைத் தேற்றுவது.

படிகளைப் பட்டறையே கொடுத்தது. முதலாளியோடு உட்கார்ந்து பட்டியல் போட்டோம். முதல் இரண்டு வாரம் காலை எட்டிலிருந்து பத்து வரை மணல் சலிப்பது மட்டும். காலைதான் அவருக்குக் கடினமான நேரம், அதனால் வேலை காலையில் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொன்னேன். பிறகு கண்ணாடித் தகடுகளைத் துடைப்பது. பிறகு தொட்டியிலிருந்து கல்லை எடுத்து அடுக்குவது. அதற்கும் பிறகு நிறம் கரைப்பது. வார்ப்பதற்கு மூன்று மாதம் அனுமதிக்கவில்லை. ஒரு கட்டத்தில் கோபித்துக்கொண்டார். "முப்பது வருஷம் வார்த்தவனைப் பையன் வேலை செய்யச் சொல்கிறீர்களே டாக்டரம்மா" என்றார். அந்தக் கோபத்தைக் கோப்பில் நல்ல செய்தியாகக் குறித்தேன்.

ஆடியில் வார்த்தார். முதல் நாள் பதினோரு கல். கண்ணாடி கழலும் நாளில் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார். ஒன்றில் சிவப்பு லேசாக மஞ்சளுக்குள் ஓடியிருந்தது. மற்ற பத்தும் சுத்தம்.

அடுத்த தை

நினைவில் இல்லாத நடை, பாதியில் நின்ற நடை. நேர்த்திக்கடன் தீர்ந்ததா இல்லையா என்று அவருக்குள் ஒரு உறுத்தல் இருந்தது. போகவே கூடாது என்று சொல்லும் உரிமை எனக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை. முழுத் தூரமும் நடந்தே போவதற்கும் சம்மதிக்க முடியவில்லை. குன்றக்குடி வரை காவடியோடு நடப்பது, அங்கிருந்து பழனிக்குப் பஸ்ஸில் போய், அடிவாரத்தில் ஊர்க்காரர்களோடு சேர்ந்து மலை ஏறுவது என்று பேசி முடித்தோம். புறப்படும் முன் வாரம் இரத்தப் பரிசோதனை. பையில் உப்புக் கரைசல் பாக்கெட்டுகள். மூன்று வேளை உணவு. வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் அன்றைய லித்தியத்தை நிறுத்திவிட்டு என்னை அழைப்பது. விரதம் இல்லாமல் போவது எப்படி என்று கேட்டார். குன்றக்குடியில் அவருடைய பெரியவர் ஒருவர், "மருந்து சாப்பிடுகிறவனுக்கு விரதம் கிடையாதப்பா" என்று சொல்லிவிட்டார். நான் சொன்னதைவிட அது அவருக்கு நிறைவாக இருந்தது.

மாசி மூன்றாம் வாரக் குறிப்பு: ஹாமில்டன் 5. தூக்கம் ஐந்தரை மணி வரை. எடை ஏழு கிலோ கூடியிருக்கிறது. லித்தியம் 0.54, கிரியாட்டினின் 1.0, தைராய்டு சரி. நாளுக்கு எழுபது கல், பழுது ஒன்றோ இரண்டோ. மருந்து தொடர்கிறது. அடுத்த இரத்தப் பரிசோதனை பங்குனிக் கடைசியில், வெயில் ஏறுவதற்கு முன்.